இறக்கைக்குத் துணி தைத்த அக்காவுக்கு

பிரியமான பாக்கியம் அக்கா,

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு பேர் முன்னால் செய்த தப்பு என்பதால், நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

போன மாதம் நான் விமானத்தில் போனேன். வேடசந்தூரில் மில் பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்தவன், அறுபது தாண்டி முதல் தடவையாக ஏறினேன். வடக்கே மகளுக்குப் பிரசவம். வழியில் ஒரு பெரிய ஊரில் இறங்கி, அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்க, எழுந்து நடந்தேன். விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், அக்கா.

வாசலில் பழைய விமானத் தகடுகளை வளைத்துச் செய்த ஒரு கொக்கு. சுவர் நிறைய ஓவியங்கள். ஒன்றில் உழவு மாடுகள் மிரண்டு நிற்க, வயலுக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், எதிரே மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய விமானம். ஓட்டப் பழகுகிறவர்களுக்கான, இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானம். ஓர் இறக்கையில் பாதி உறையை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் தெரியும்படி விட்டிருந்தார்கள்.

அந்த உறை துணி, அக்கா. பருத்தித் துணி. சட்டத்துக்குச் சட்டம் நூலால் தைத்திருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகு தடவிய நூல்கண்டும், முழ நீளத்துக்கு ஓர் ஊசியும் இருந்தன. அங்கிருந்து எனக்குக் கால் நகரவில்லை.

என் கல்யாணத்துக்கு மறுநாள், கன்னிவாடி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் விமானப் பயிற்சிப் பள்ளியில் காவலாளியாக இருந்ததும், நீயும் அங்கே வேலைக்குப் போனதும் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். இறக்கைக்குத் துணி தைக்கிறேன் என்றாய். ஒரு பக்கம் நீ ஊசியைக் குத்தினால் அந்தப் பக்கம் இன்னொருத்தி வாங்கித் திருப்பி அனுப்புவாள் என்றாய். முழ நீள ஊசி என்று கையை விரித்துக் காட்டினாய்.

புது மாப்பிள்ளை மிதப்பு எனக்கு. "ஏக்கா, மழை பேஞ்சா ஏரோப்ளேனைப் பிழிஞ்சு கொடியில காயப்போடுவாகளா?" என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. என் புதுப்பெண்டாட்டியும் சிரித்தாள்.

"நெசமாத்தான்டா சொல்றேன். மேல ஒரு மருந்து பூசுனா மேளத்தோல் மாதிரி விறைச்சுக்கிரும்" என்றாய். அதற்கும் சிரித்தோம். நீ எழுந்து கை கழுவப் போய்விட்டாய். அதன் பிறகு அந்த வேலையைப் பற்றி நீ பேசி நான் கேட்டதே இல்லை. எத்தனை தடவை சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாயோ?

அருங்காட்சியகத்தில் நின்ற பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. இதைத் தைத்தது யார் என்று கேட்டேன். பெண்கள்தான் தைத்தார்களாம், பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லையாம். "எங்க அக்கா இந்த வேலை பாத்தவம்மா" என்றேன். அந்தப் பெண் பார்வையாளர் புத்தகத்தை எடுத்து வந்து, உன் பெயரையும் வேலையையும் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

ஊருக்குத் திரும்பியதும் சித்தையன்கோட்டைக்குப் போய் உன் மகள் செல்வியைப் பார்த்தேன். போனில் எடுத்த படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான் சிரித்ததையும் மறைக்கவில்லை. வெகுநேரம் அந்த ஊசியின் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பிள்ளையில ஒரு தடவை கேட்டேன் மாமா, முன்னாடி என்னம்மா வேலை பாத்தேன்னு. ஜாக்கெட்டு தச்சேன்னு சொல்லிருச்சு."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அக்கா. செல்வி காபி போட எழுந்து போனாள். உன்னைப் போலவே.

பெற்ற மகளிடமே சொல்ல முடியாதபடி உன் வாயை அடைத்தவன் நான்தானா? இல்லை, நீயே வேண்டாமென்று விட்டுவிட்டாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

தை மாதம் செல்வியின் பேத்திக்குக் காதுகுத்து. தன் தாய்மாமன் என்ற முறையில் நான்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேர் வருவார்கள். பந்தி நடுவில் எழுந்து நின்று, நீ சொன்னது அத்தனையும் நிஜம் என்று சொல்வேன். அது முடிந்ததும், செல்விக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்து, அந்த இறக்கைக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்