தீட்டாத அரிசி

1936 மார்ச் 4, புதன்

காலையிலிருந்து தூறல். பிரிக்பீல்ட்ஸ் ரோடு முழுக்கச் சேறு. குடையோடு கிளினிக்குக்கு நடந்தே போனேன். எனக்கு ஏழாம் மாதம். இவரிடம் சொல்லவில்லை. கிள்ளான் ரயிலுக்கு இவர் கிளம்பிய பிறகுதான் போனேன்.

மருந்து தருவார்கள் என்று வெறும் புட்டி ஒன்று கையில். அதற்கு வேலையே இல்லை. வெள்ளைத் தொப்பி வைத்த யாழ்ப்பாணத்து நர்ஸ். மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். எடை பார்த்தார். காலை அமுக்கினார், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. பிறகு முழுக்கக் கேள்விகள்தான். எத்தனை பிள்ளை? இரண்டு. எங்கே? இல்லை.

சொன்னேன். மூத்தவள் எழுபதாம் நாள். அடுத்தவன் மூன்று மாதம் நிறையுமுன். இரண்டும் கொழுகொழுவென்று இருந்தவை. பாலைக் கக்கும். பிறகு அழ வாய் திறக்கும், சத்தம் வராது. அன்றைக்கே முடிந்துவிடும்.

மிஸ்ஸி பென்சிலைக் கீழே வைத்தார். "நேற்று விடியத் துவங்கி ராவரைக்கும் என்ன சாப்பிட்டனீங்கள்? ஒண்டும் ஒளியாமச் சொல்லுங்கோ."

திட்டுவார் என்று பயந்து மீன் தின்றதாகச் சொன்னேன்.

"என்ன மீன்?"

கையிலிருந்த புட்டியைத் திருகினேன். மிஸ்ஸி சிரித்துவிட்டார். ஒரு வாரம் தின்பதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். நல்லதாகக் காட்ட வேண்டாம், உள்ளது மட்டும். மிஷன் பள்ளியில் ஆறாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

மார்ச் 6, வெள்ளி

நல்ல வெயில்.

காலை: காப்பி, ரொட்டி ஒரு துண்டு.
பகல்: சோறு, ரசம், அப்பளம்.
நாலு மணி: காப்பி.
இரவு: சோறு, ரசம், ஊறுகாய்.

சோறு என்றால் சயாம் வெள்ளை அரிசி. பஞ்சு மாதிரி வேகும். இவர் வேலை செய்யும் அரிசிக் கிடங்கில் மாதம் ஒரு மூட்டை தருகிறார்கள். "இந்த வரிசையிலே யார் வீட்டுலயும் இந்த அரிசி கிடையாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். மூன்று தண்ணீர் கழுவுவேன். கஞ்சியை வடித்துக் கொட்டுவேன். அதையும் எழுதச் சொன்னாரே மிஸ்ஸி, எழுதியாயிற்று.

டோபியிடம் வெளுக்கப் போட்டது இரண்டு ரவிக்கை. கேட்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

மிஸ்ஸி என் தாளை இரண்டு முறை படித்தார். சோறு என்று வந்த இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம். பக்கமே சிவப்பாகிவிட்டது.

உமியோடு தவிட்டையும் மில்லில் தீட்டி எடுத்துவிடுகிறார்களாம். சத்து அதில்தானாம். வெறும் வெள்ளைச் சோறு தின்றால் பெரிபெரி என்று ஒரு நோய். தாய்க்குக் கால் வீங்கும். பால் வழியாகப் பிள்ளைக்கு அதைவிட மோசம்.

"என் பாலா?" என்றேன்.

"உங்கட பிழை இல்லை. அப்ப தெரியாது. இப்ப தெரியும்."

வெளியே மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பட்டது. நேரே கடைக்குப் போனேன்.

மிஸ்ஸி சொன்னவை:
புழுங்கலரிசி, அதிகம் தீட்டாதது. ஒரு தண்ணீர் போதும். கஞ்சியைக் கொட்டக் கூடாது.
பச்சைப்பயறு தினம் ஒரு பிடி.
கீரை. கிடைத்தால் முட்டை.
எல்லாம் ஒரே நாளில் வேண்டாம், முதலில் அரிசி.
புதன்தோறும் வர வேண்டும்.

என்ன பிடிக்காது என்றுகூடக் கேட்டார். ஈரல் என்றேன். சரி என்று பட்டியலில் அதை அடித்துவிட்டார். அது எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 12, வியாழன்

தட்டைப் பார்த்ததும் இவர், "என்ன இது, எஸ்டேட் கூலி லயத்துச் சோறா?"

சொல்லிவிட்டேன். கிளினிக், தாள், வட்டம், எல்லாம்.

"நான் கொண்டாந்த அரிசியாலயா?"

"அப்படித்தான் மிஸ்ஸி சொல்றாங்க."

"எங்க முதலாளி வீட்டுலயும் இதே அரிசிதான். அவங்க பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு?"

தெரியாது என்றே சொன்னேன். கை கழுவிவிட்டு எழுந்து போனார். இனி இரண்டு உலை. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதற்கு விறகு அதிகமானால் ஆகட்டும்.

மார்ச் 18, புதன்

முதலாளி வீட்டுக் கதையை மிஸ்ஸியிடம் கேட்டேன். "அவையள் அதோட பருப்பு, இறைச்சி எல்லாம் தின்னுவினம். நீங்கள் ரசத்தோட நிப்பாட்டிறியள்." வீட்டில் சொன்னேன். இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எடை ஒரு ராத்தல் கூடியிருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

புழுக்கம். பயறு வயிற்றைப் பொருமுகிறது, வாசனையே பிடிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன். மிஸ்ஸி முளை கட்டி வதக்கச் சொன்னார். பரவாயில்லை.

காலில் குழி விழவில்லை. நானே பத்து முறை அமுக்கிப் பார்த்தேன்.

மே 9, சனி

பெண். காலை. நன்றாக இருக்கிறாள்.

மே 14, வியாழன்

பக்கத்து வீட்டு அன்னம்மா அக்காதான் மூன்று பிரசவத்துக்கும் என்னைப் பார்த்துக்கொண்டவர். பத்தியச் சோறு கொண்டுவந்தார். வெள்ளை அரிசி, மிளகு, உப்பு, வேறொன்றும் இல்லை. என் பயற்றுக் கிண்ணத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"பச்ச உடம்புக்காரிக்குப் பயறா? வாயு லா. பிள்ளைக்கு ஆகாது!"

"அக்கா, ரெண்டு தடவ நீங்க சொன்னபடி இருந்தேன். இந்தத் தடவ வேணாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், என்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் அந்தச் சோற்றைத் தொடவில்லை.

மே 15, வெள்ளி

அக்கா வரவில்லை. இவர் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றார். பயற்றைத் தீய விட்டார். கஞ்சி வடிக்காமல் புழுங்கலரிசி பொங்கினார். ஒரே பானைதான். அதிலேயே அவரும் போட்டுக்கொண்டார்.

ஜூன் 3, புதன்

மழை. அக்கா ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தார். "கீரை தின்னலாம்ல உங்க மிஸ்ஸி கணக்குல?" தின்னலாம் என்றேன். பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 17, வெள்ளி

எழுபதாம் நாள். காலையிலிருந்து பிள்ளையைக் கீழே விடவில்லை. துணி துவைக்கவில்லை, சமைக்கவில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுத்தபின்னும் கக்குகிறாளா என்று தோளில் துண்டு போட்டுக் காத்திருந்தேன். இல்லை.

பகல் இரண்டு மணிக்கு எறும்பு கடித்து அழுதாள். அப்படி ஒரு தொண்டை. அக்கா அவர் வீட்டிலிருந்து, "என்னடி அது, என்ன ஆச்சு?" என்று கத்தினார். எறும்பை எடுத்துப் போட்டேன். உடனே சமாதானம் செய்யவில்லை. கொஞ்சம் அழட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 19, புதன்

வெயில். பிள்ளை பதின்மூன்று ராத்தல். மூன்று மாதம் தாண்டிப் பத்து நாள். மிஸ்ஸி அட்டையில் எழுதிவிட்டு, இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றார். பால் மறக்கும் வரை அரிசியை மாற்றக் கூடாது.

இவர் மாலை ரயிலில் வந்தார். சட்டைகூடக் கழற்றவில்லை, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒருத்தன் வந்தான். பெண்டாட்டி மாசமா இருக்காளாம். நல்ல வெள்ளையா ஒரு மூட்டை வேணும்னான்."

பிள்ளை கக்கினால் என்று அவர் தோளில் துண்டு போட்டேன்.

"குடுக்கல, மரகதம். புழுங்கலரிசியத் தூக்கி வண்டியில வச்சேன். முதலாளி எல்லார் முன்னாலயும் திட்டிட்டாரு."

"அந்த ஆளு ஒத்துக்கிட்டானா?"

"மொதல்ல சண்டைக்கு வந்தான். எனக்கு ரெண்டு பிள்ளை போயிடுச்சுன்னு சொன்னேன். அப்புறம் பேசாம எடுத்துட்டுப் போனான்."

ரெண்டு பிள்ளை போயிடுச்சு. இத்தனை வருஷத்தில் இவர் வாயால் அதை இன்றுதான் கேட்டேன்.