உங்கள் கால் அளவு

அன்புள்ள கடல்வாசிக்கு,

இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். பதறாதீர்கள், வெறும் சிராய்ப்புதான். எப்படி வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கப்பலில் இன்னும் எட்டு மாதம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் என் கதையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறேன். ஆமாம், நானேதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் வளாகத்தில் கீழ்த்தளம் முழுக்க ஐஸ் தளம் போட்டிருக்கிறார்கள். வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம் என்று எதிர்வீட்டு டீச்சர்தான் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டிப்போனவள் இன்னும் வேடிக்கைதான் பார்க்கிறாள். கூடப்போன நான் புதனும் ஞாயிறும் அங்கேயே பழியாய்க் கிடக்கிறேன். கப்பலில் குளிர் அறை இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு ஐஸ் என்றாலே அலுத்திருக்கும். எனக்கு இப்போதுதான் அந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

முதல் நாள் வாடகை ஷூ. என் கால் ஆறு. நான் ஏழு கேட்டு வாங்கி, உள்ளே இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டேன். முன்னால் ஒரு விரல் இடம் விட்டு வாங்குவதுதானே நம் வழக்கம்? சின்னப் பிள்ளையில் வளர்கிற கால் என்று விட்டார்கள், சரி. நாற்பத்தேழு வயதில் எது வளரப்போகிறது என்று கேட்காதீர்கள். துணியில் தையலுக்கு விட்டுவிட்டு வெட்டுகிற கை, எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுத்தான் எடுக்கும். ஐஸில் கால் வைத்தேன். ஷூ ஒரு பக்கம் போனது, கணுக்கால் ஒரு பக்கம் போனது, நான் மூன்றாவது பக்கம் போனேன். முழங்கால் கதை அதுதான்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். வந்து தூக்கிவிட்டு, ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் புரிந்தது, இதற்குத் தளர்வு ஆகாது. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்கார வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அந்த ஷூ நமக்கு இல்லை. காலுறை மெல்லியதாக ஒன்றே ஒன்று. கயிற்றைக் கணுக்கால் பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும், மேலே கொஞ்சம் விடலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டு போன சனிக்கிழமை சொந்தமாகவே ஒரு ஜோடி வாங்கிவிட்டேன்! வெள்ளை. பிளேடின் முனையில் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. அது இல்லாத ரகமும் உண்டு, பந்தயக்காரர்கள் மாதிரி பறக்கலாம் என்று எனக்கு அதன்மேல்தான் கண். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டார், முதலில் நிற்கப் பழகுங்கள் என்றார். புது பிளேடு மொக்கையாகத்தான் வருமாம், அங்கேயே சாணை பிடித்துக் கொடுத்தார்.

உடுப்பு விஷயத்தில் மட்டும் யாரும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது. இருபது வருஷமாகச் சீருடை வெட்டுகிறவள் இல்லையா? ஜீன்ஸ் நனைந்தால் கல் மாதிரி கனக்கும், மடங்கவும் மடங்காது. இழுத்தால் விரிகிற துணியில் நானே கால்சட்டை தைத்துக்கொண்டேன். மேலே மெல்லியதாக ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று, சூடேறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். சால்வை வீட்டில். கையுறை கட்டாயம், தலைக்கவசமும்தான். பிளேடைத் துடைத்துவிட்டு மூடி வைக்கப் பழைய துண்டைக் கிழித்து உறை தைத்தேன். பயிற்சிப் பெண் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டாள். இப்போது ஏழு பேருக்கு ஆர்டர் இருக்கிறது!

நேற்று கையை விட்டுவிட்டு இந்தப் பக்கத் தடுப்பிலிருந்து அந்தப் பக்கத் தடுப்புவரை போனேன். நம்புவீர்களா? யாரையும் பிடிக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. கத்தினேன், டீச்சர் எழுந்து நின்று கைதட்டினாள். அடுத்த நிமிஷம் திரும்பிப் பார்த்தேன், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று. பழக்க தோஷம்.

அந்தச் சூட்டோடு இன்று மதியம் உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கக் கிளம்பிவிட்டேன். அளவுக்கு, அலமாரியில் கிடக்கும் உங்கள் கறுப்பு ஷூவைப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் அதற்குள் கையை விட்டார். விரல் பக்கத்திலிருந்து சுருட்டிய செய்தித்தாளை எடுத்தார். இரண்டிலும்! இத்தனை நாளும் பெரிய ஷூவில் காகிதம் அடைத்துக்கொண்டா நடந்தீர்கள்? ஒரு வார்த்தை சொன்னீர்களா? "சரி, அவர் கால் என்ன அளவும்மா?" என்று கேட்டார். உங்கள் கழுத்து, தோள், மார்பு, கை நீளம் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு உங்கள் கால் அளவு தெரியவில்லை. கடையிலேயே கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்தி மழுப்பினேன்.

ஆள் நேரில் வந்து போட்டுப் பார்க்காமல் ஸ்கேட் விற்பதில்லை என்றார் அவர். எப்போது வருவார் என்று கேட்டார். உங்கள் கறுப்பு ஷூவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முந்தின இரண்டு தடவையும் இதே மாதிரி கேட்டீர்கள், "உங்கள் இஷ்டம்" என்று எழுதினேன். இரண்டு தடவையும் பொய். இந்தத் தடவை அந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை.

அந்த எட்டு மாதம் வேண்டாம், வந்துவிடுங்கள். இதற்குமேல் இழுத்துப் பேசவில்லை. கடைக்காரர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். கால் அச்சை வரைந்து அனுப்பினால் அந்த அளவில் ஒரு ஜோடியை எடுத்து வைப்பாராம், வந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாமாம். இத்துடன் இரண்டு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். மெல்லிய காலுறை போட்டு, முழு எடையும் ஊன்றி நில்லுங்கள். நீங்களே குனிந்து வரையாதீர்கள், அளவு மாறிவிடும். கூட வேலை செய்கிறவர் யாரையாவது வரையச் சொல்லுங்கள். பென்சில் நேராக நிற்கட்டும். கப்பல் ஆடாத நேரமாகப் பாருங்கள். கொஞ்சமும் கூட்டிவிடாதீர்கள், உள்ளபடி அனுப்புங்கள்.

வலது, இடது என்று குறித்துவிடுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம். அந்த இரண்டு தாளும் திரும்பி வந்தால் எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பென்சிலையும் சீவி உள்ளே வைத்திருக்கும்
உங்கள் மனைவி