பன்னிரண்டில் மாடு மட்டும் பாஸ்

காட்டுப்பாக்கம்,
5.10.2025, ஞாயிறு.

அல்லியின் அப்பாவுக்கு, ஹேமாவதி எழுதுவது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் ரூமில் ஆட்கள் இருக்கிறார்கள், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் லீவு முடிந்து உங்கள் கேம்ப்புக்கே விமானம் ஏறும் வானகரம் அசோக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படியுங்கள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்வெல் மோட்டார் புகைந்து போனது. தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும், அல்லியின் தோழி ஜெபாவின் அப்பாதான் ஒரே நாளில் கட்டிக் கொடுத்தார். போன வாரம் பெய்த மழையில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே முழங்கால் தண்ணீர், கம்பெனி வேன் வரவில்லை, ஒரு நாள் சம்பளமில்லாத லீவு. உங்கள் அண்ணன் வேம்புலி மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் அல்லி மிட்-டெர்ம் தேர்வில் சமூக அறிவியலுக்கு நாற்பத்தொன்று வாங்கினாள். உங்களிடம் சொன்னவளும் நான்தான். ஏழாம் வகுப்புக்கு வந்தும் பொம்மையோடு கிடக்கிறாள், அதனால்தான் மார்க் போகிறது என்று அங்கிருந்தே முடிவு கட்டிவிட்டீர்கள். அதை என்னிடமாவது சொன்னீர்களா? கீழ் வீட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டீர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையில் நிற்கும்போது, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, மாமா மாடிக்கு வந்து அலமாரியில் இருந்த முப்பத்தெட்டு மிருகங்களையும் அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். பெற்றவள் என்று ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாளா இல்லையா? எனக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

அவள் அழவில்லை. அலமாரியைத் துடைத்துப் பாடப் புத்தகங்களை அடுக்கினாள். அதைப் பார்த்து, சரி, பிள்ளை சமாளித்துக்கொண்டாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த நாளை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பொம்மை, பொம்மை என்கிறீர்களே, அது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? போன வருஷம் ஜெபாவின் பிறந்தநாளுக்குப் போன பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் மிருகங்கள் கொடுத்தார்கள். பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு. அதில் யானையும் முயலும் ஒரே உயரம். அல்லிக்கு அது பொறுக்கவில்லை. நான் இன்ஸ்பெக்‌ஷனில் என்ன செய்கிறேன் என்று முன்பே அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்: வெர்னியரில் பீஸை அளப்பேன், அளவு தப்பினால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவேன். கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு பழைய வெர்னியரை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து கொடுத்திருந்தேன். அதை வைத்துப் பன்னிரண்டையும் அளந்தாள். மாடு நாலரை சென்டிமீட்டர். நிஜ மாடு நாலரை அடி. அப்படியானால் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அவளாகவே ஒரு கணக்குப் பிடித்தாள். அந்தக் கணக்கில் வேறு எதுவும் தேறவில்லை. பதினொன்றின் காலிலும் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து, "மாடு மட்டும் பாஸும்மா. மத்ததெல்லாம் ரிஜெக்ட். நானே செஞ்சிக்கிறேன்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். ஜெபாவின் அப்பா கடையில் வெட்டி எறியும் செம்புக் கம்பிதான் எலும்பு. ஊறவைத்த நியூஸ் பேப்பரும் எம்-சீலும் சதை. எந்த மிருகம் எத்தனை அடி என்று பார்க்க பூந்தமல்லி நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை இழுத்துக்கொண்டு போவாள். ஒட்டகச்சிவிங்கி பதினேழு சென்டிமீட்டர், நிறுத்தினால் குப்புற விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் கழுத்தின் கனத்துக்கு முன்னங்காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அவ்வளவு நீளக் கழுத்திலும் ஏழே எலும்புதானாம், நமக்கும் ஏழுதானாம். நான் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று என் கழுத்தைத் தடவித் தடவி எண்ணினாள். நீலத் திமிங்கிலம் தொண்ணூறு சென்டிமீட்டர் வருகிறது, வைக்க இடமில்லை என்று கதவில் பென்சிலால் வரைந்தாள். ஐந்தாம் வகுப்பில் புள்ளி வைத்த எண்ணைப் பார்த்தாலே முகம் வெளுத்துப் போனவள் இவள். அதே மிட்-டெர்மில் கணக்குக்குத் தொண்ணூற்று மூன்று. அதையும் சொன்னேன். உங்கள் காதில் நாற்பத்தொன்று மட்டும்தான் விழுந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு பீஸை ஒதுக்க வேண்டும் என்றால் கையில் எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், எங்கே தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணால்கூடப் பார்க்காமல் முப்பத்தெட்டையும் ஒரே போனில் ஒதுக்கியவர் நீங்கள் ஒருவர்தான்.

இதற்கு மேல் நடந்ததைக் கேளுங்கள். நவராத்திரி ஐந்தாம் நாள் ஜெபாவும் அல்லியும் சுண்டலுக்காக வீடு வீடாகப் போனார்கள். உங்கள் அண்ணன் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மங்களம் என்று ஒரு அம்மா பெரிய கொலு வைத்திருந்தார். கீழே பார்க் போட்டு, முளைப்பாரியைக் காடு போல வளர்த்து, அதற்குள் மிருகங்களை நிறுத்தியிருந்தார். எல்லாம் நம் பிள்ளை செய்தவை. சிங்கத்தின் முதுகில் மானை ஏற்றி வைத்திருந்தார்களாம். வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பார்க்கைத்தான் போட்டோ எடுத்தார்களாம். அந்த அம்மா பிள்ளைகளிடம், இவ்வளவு அழகாக யார் செய்தார்களோ தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் மகள் சொன்ன பதில்: "தெரியல ஆன்ட்டி."

சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஜெபாதான் வாசல் கேட் அருகே என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, அல்லி பொம்மை எல்லாம் மங்களம் ஆன்ட்டி ஊட்டு கொலுல கீது. இவ தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டா" என்றாள். சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே பார்த்து மெச்சும்போது, நான் செய்தது என்று சொல்ல என் பிள்ளைக்கு வெட்கம். தப்புச் செய்தவள் மாதிரி வந்திருக்கிறாள். எத்தனை மார்க் எடுத்து இதை நேராக்குவீர்கள்?

அப்படியே கீழே இறங்கி மாமாவைக் கேட்டேன். "தம்பி சொல்லிச்சு, செஞ்சேன். குப்பைலயாம்மா போட்டேன்? சாமி காரியத்துக்குத்தான் குட்த்தேன்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார், அது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் சத்தம் போட்டேன். இதற்குள் உங்களுக்குப் புகார் வந்திருக்கும். வந்திருந்தால் அது அத்தனையும் உண்மை.

கொலுவை எடுக்கும் வரை பொம்மைகளைக் கேட்கக்கூடாது என்று பொறுத்திருந்து, விஜயதசமிக்கு மறுநாள் போனேன். யார் செய்தது என்று சொன்னதும் அந்த மங்களம் அம்மா பதறிவிட்டார். ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றித் தாம்பூலத்தோடு கொடுத்தார். காண்டாமிருகத்துக்குக் கொம்பு ஒடிந்திருக்கிறது, மற்றவை பத்திரம். பெட்டியை அல்லியின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவள் தொடவில்லை. "வேணாம்மா. அப்பா திட்டும்" என்றாள். பெட்டி இன்னும் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது. இப்போதெல்லாம் அவள் எதையும் கேட்பதில்லை. நச்சரித்துக்கொண்டே இருந்த பிள்ளை, கொடுத்த பாடத்தைப் படித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. உங்களுக்கு இதுதான் வேண்டியிருந்ததா?

நேற்று பழைய பேப்பர் எடுக்கும்போது அவளுடைய நோட்டு ஒன்று கிடைத்தது. மிருகத்தின் பெயர், நிஜ உயரம், செய்ய வேண்டிய உயரம் என்று கோடு போட்டு முப்பத்தெட்டு வரி எழுதியிருக்கிறாள். முப்பத்தொன்பதாவது வரியில் 'அப்பா' என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டங்கள் இரண்டும் காலி. ஜெபாவைக் கேட்டேன். மிருகங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நின்றால்தான் பார்ப்பவர்களுக்கு அளவு புரியும், அந்த ஆள் எங்கள் அப்பாதான் என்று சொல்லியிருந்தாளாம்.

எனக்கு அப்போதுதான் ஆகஸ்டில் நீங்கள் பேசிய போன் நினைவுக்கு வந்தது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "அப்பா, உன் ஹைட்டு இன்னாப்பா?" என்று கேட்டாள். "அது எதுக்கு இப்ப? மார்க்கு இன்னா, அத்த சொல்லு" என்றீர்கள்.

அந்த வெயிலில் நீங்கள் நிற்பது யாருக்காக என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கோபத்தில் எழுதியதற்காகச் சோற்றை ஒதுக்காதீர்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் மட்டும்தான், வேறொன்றுமில்லை.

உங்கள் உயரம் எனக்குத் தெரியும். ஜாதகத்தோடு எழுதி வந்ததுதான். அந்தக் காலிக் கட்டத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அவள் என்னைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டாள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நிமிர்ந்து நில்லுங்கள். அசோக்கை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அல்லிக்குப் போன் போட்டு அதை மட்டும் சொல்லுங்கள். மார்க் பற்றி மூச்சு விடாதீர்கள். ரூமில் யார் இருந்தாலும் பரவாயில்லை. உத்தேசமாக மட்டும் சொல்லாதீர்கள், அவள் திரும்பக் கேட்க மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்காகக் காத்திருக்கும்
ஹேமாவதி