வந்தவாசிப் பெட்டியின் சூடு

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். ஒன்பது மணிக்கே ரவிக்கை முதுகில் ஒட்டிவிட்டது. பக்கத்து வீட்டுத் தறி ஆறு மணிக்கு ஆரம்பம். அலாரம் வீண் செலவு.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை வழக்கம்போல். ஃபயர்வால் இரண்டையும் திரையில் பார்த்து நோட்டில் எழுதுவது. அம்மா போன வாரமும் கேட்டாள், அது என்னடி பொட்டி என்று. வெளி ஆள் எவனும் நம் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் வாசலில் நிற்கிற காவல்காரன் என்றேன். இங்கே ஆரணியில் ஒன்று, வந்தவாசி கிளையில் ஒன்று.

ஆரணி: லோடு 22%, சூடு 44. நல்ல பிள்ளை.
வந்தவாசி: லோடு 31%, சூடு 46. பதினோரு மணிக்கு 61. இரண்டு மணிக்கு 68! நாலரைக்கு மறுபடி 47.

நேற்று கள்ளத்தனமாக பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தது 412 முறை. ஒருவனையும் விடவில்லை. சபாஷ்.

வாங்க: தக்காளி, அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஊக்கு.

மே 6, செவ்வாய்

வந்தவாசிக்கு போன். எடுத்தது அஞ்சலைம்மா. அங்கே பெருக்கித் துடைப்பவர். பெட்டி இருக்கும் அறையில்தான் அவர் உட்காருவது. இரண்டு வருஷமாகக் குரல் மட்டும்தான் பழக்கம்.

"சாப்டீங்களா மேடம்?"

"ஆச்சு. பெட்டியில என்ன கலர் எரியுது?"

"பச்சதான்மா. ஜம்முனு கீது. புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வுட்டுகினு கீது. வெயிலு இல்ல? அதுக்கும் இருக்காதா?"

சிரித்துவிட்டேன்.

பெட்டி விற்ற கம்பெனிக்காரர்: "லோடு ஜாஸ்தியா இருக்கும். ரெண்டு நாள் வாட்ச் பண்ணுங்க." லோடு ஏறவே இல்லை. சூடு மட்டும். இரண்டு நாளும் பத்தேகாலுக்கு ஏறி நாலுக்கு இறங்குகிறது. ஆபீஸ் போய் வருகிற மாதிரி.

மே 8, வியாழன்



12.10: வந்தவாசி சூடு 79. 12.14: திரையில் சிவப்பு. சூடு தாங்காமல் பெட்டி தானே அணைந்துவிட்டது. சரியாக அந்த நேரம் அங்கே நெஞ்சுவலியோடு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஈசிஜி எடுத்தாயிற்று, இங்கே இதய டாக்டருக்கு அந்த லைனில்தான் வர வேண்டும். டாக்டர் என் மேசைக்கே வந்து நின்றார்.

"வருதா?"

"இல்ல சார்."

"ஆம்புலன்ஸ்ல ஏத்தச் சொல்லு. ஜல்தி."

வாத்தியார் வந்து சேரும்வரை வாசலில் நின்றேன். ஸ்ட்ரெச்சர் பின்னால் அவர் மனைவி, அவருடைய செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு. பிழைத்துவிட்டார். "இன்னும் அரை மணி போயிருந்தா..." என்றார் டாக்டர். நாலரைக்குப் பெட்டி ஆறி, மறுபடி பச்சை.

மேனேஜர்: "யார் தப்புன்னு எனக்கு எழுத்துல வேணும்."

மே 9, வெள்ளி

பத்து மணி பஸ். பாதி வழி நின்றுகொண்டே வந்தவாசி.

பெட்டிமேல் ஒரு ரோஸ் கலர் தாவணி. நாலு மூலையும் செருகி, குழந்தைக்குப் போர்த்தியதுபோல். தூக்கிவிட்டுத் தொட்டேன், தோசைக்கல்.

"நீங்கதானா மேடம்! கொரல கேட்டு குண்டா இருப்பீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்." அஞ்சலைம்மா. சின்ன உருவம். முகமெல்லாம் மஞ்சள்.

"இத யாருங்க போட்டது?"

"நான்தான்மா. வெளிய ரோட்ட தோண்டிகினு கீறாங்க, ஒரே மண்ணு. பத்து மணிக்கு தொடச்சிட்டு மூடிடுவேன். நாலு மணிக்கு எடுத்துனு போயி தொவச்சி, காலைல எடுத்தாருவேன். எம்பொண்ணு தாவணி. தூசி படாம பாத்துக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன். போன வாரம், போனில், போகிற போக்கில். பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் பெட்டி சூட்டை வெளியே தள்ளும், மூடக் கூடாது என்று சொல்லவில்லை.

பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் புரிந்துவிட்டது அவருக்கு. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வாத்தியாரு... என்னாலயாம்மா?"

"இல்ல. என்னால."

நம்பவில்லை. சாப்பிட மாட்டேன் என்றார். என் எலுமிச்சை சாதத்தில் பாதியை வற்புறுத்தித்தான் உண்ண வைத்தேன்.

மே 10, சனி

ரிப்போர்ட். மூன்று தரம் கிழித்து எழுதியது. "காற்றோட்டம் தடைபட்டதால்."

மேனேஜர்: "அது தானா தடைபடுமா? அந்தக் கூட்டுற அம்மாதானே? கான்ட்ராக்ட் ஆளு, மாத்திடலாம்."

சொல்லிவிட்டேன்.

"அவங்க சொன்னதைச் செஞ்சாங்க சார். அரைகுறையா சொன்னது நான். நாலு நாளா சூடு ஏறுறத பாத்துக்கிட்டே இருந்து, நேர்ல போகாததும் நான். மாத்தறதுன்னா என்னை மாத்துங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "டாக்டர்கிட்ட நீயே போய் சொல்லு."

போய்ச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இனி சூடு அறுபதைத் தாண்டினால் அவருக்கு போன் போக வேண்டும். எனக்கு ஒரு மெமோ. அஞ்சலைம்மா வேலையில் தொடர்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லா வேணும் உனக்கு" என்றாள். தட்டில் இரண்டு அப்பளம் கூட வைத்தாள்.

மே 14, புதன்

தாவணி இல்லாமலும் மதியம் 57. அறை அப்படி. காற்று வர வழியே இல்லை. "பெட்டி அறைக்கு டேபிள் ஃபேன் ஒன்று" என்று எழுதி வைத்தேன். பத்து நிமிஷத்தில் மேனேஜர் கையெழுத்து.

போனில் அஞ்சலைம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா நான் கேட்டுகினு இருந்தேன்மா, இந்த ரூமுக்கு ஒரு ஃபேனு. தரல."

அந்தப் புழுக்கத்தில்தான் அவர் தினமும் உட்கார்ந்து சோறு தின்கிறார். எனக்குத் தோன்றவே இல்லை, பெட்டி சூடாகும்வரை.

மே 16, வெள்ளி

ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் பயணம். வாத்தியார் நேற்று வீடு திரும்பியதாக நர்ஸ் சொன்னார்.

பெட்டிக்கு நேராக வைத்தேன். பத்து நிமிஷத்தில் 43. அஞ்சலைம்மா முக்காலியில், காற்று படாத பக்கம். ஃபேன் தலையிலிருக்கும் குமிழை அழுத்தி, இரண்டு பக்கமும் ஆட விட்டேன். பெட்டி, அவர், பெட்டி, அவர்.

"இன்னாமா இது? பெட்டிக்கு சூடு ஏறிடப் போவுது."

"ரெண்டு டிகிரி ஏறினா ஒண்ணும் ஆயிடாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். முன்முடி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தவாசி: 45. நலம்.