மாமன் வழி வந்த கண்

நெல்லிக்குன்று,
கண்ணூர் மாவட்டம்.
18-2-2000

அன்புள்ள பவித்ரேட்டனுக்கு,

தங்கை தாட்சாயணி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடும் வழக்கமான சண்டையோடும் இருக்கிறோம். நீங்களும் ஷைலஜா அண்ணியும் மீனுக்குட்டியும் பன்வேலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

உங்களை ஊருக்கு வரச்சொல்லி எழுதி எழுதி என் கைதான் தேய்ந்தது. கேளு மாமா சொன்ன சொல்லை அவர் வாயாலேயே திரும்ப எடுக்காதவரை இந்தப் படி ஏறமாட்டேன் என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். அம்மா போனபோதுகூட முற்றத்தோடு நின்று, கொள்ளி வைத்ததும் அப்படியே பஸ் ஏறினீர்கள். அதனால் இந்தக் கடிதத்தில் அழைப்பு கிடையாது. இது வேறு சேதி. டயருக்குக் காற்றடித்தபடி பாதி படித்துச் சட்டைப்பையில் செருகிவிடாமல், கடையில் பையன்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள்.

ஜிதேஷ் இப்போது பத்தாம் வகுப்பு. உங்கள் உயரம், உங்கள் முன்கோபம். கணக்கில் சுமார்தான். ஆனால் உயிரியல் என்றால் பையனுக்கு உயிர். அதற்குக் காரணம் ரோகிணி டீச்சர். பையன்னூர்க்காரி, வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் தூசி படிந்து கிடந்த மைக்ராஸ்கோப்பைத் துடைத்து எடுத்து, வெங்காயத் தோலை வைத்து ஒவ்வொருவரையும் பார்க்க வைத்தாராம். வீட்டுக்கு வந்து இவன் அடித்த கூத்து! வெங்காயம் நறுக்க விடமாட்டேன் என்கிறான். "அம்மா, இதுல அறை அறையா இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு வீடு மாதிரி" என்று. இந்த வீட்டிலேயே கூட்டிப் பெருக்கி மாளவில்லை, இதில் வெங்காயத்துக்குள் வேறு வீடா என்று கேட்டேன்.

ஆவணி கழிந்து ஒரு நாள் இலையின் செல்லை வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறார். பச்சையம் இருக்கும் இடங்களை இவன் சிவப்பாகத் தீட்டி வைத்திருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. ஏட்டா, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளி மதில் ஓரம் இருக்கும் செம்பருத்திப் புதரைத் தூரத்திலிருந்து காட்டி, எத்தனை பூ இருக்கிறது என்று கேட்டாராம். இவன் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் பூக்கவில்லை டீச்சர் என்றானாம். புதர் முழுக்கப் பூ. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தபின்தான் அவனுக்குப் பூ தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று இவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். டீச்சர் உட்கார்ந்து டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "உங்க கூடப்பிறந்த ஆண்கள் யாருக்காவது சிவப்பும் பச்சையும் ஒண்ணா தெரியுமா?" என்று.

பிறகு அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நம் உடம்பில் எண்ணி மாளாத செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நூல் நூலாக குரோமோசோம். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. நிறம் பார்க்கும் விவரம் அதில் ஒரு நூலில் இருக்கிறதாம். பெண்ணுக்கு அந்த நூல் இரண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். பையனுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுத்தது. அப்பா கொடுப்பது குட்டை நூல், அதில் இந்த விவரமே கிடையாது. ஆகவே அம்மா நன்றாகத்தான் பார்ப்பாள், ஆனால் பழுதான நூலைப் பிள்ளைக்குக் கொடுப்பாள். அவளுடைய அண்ணன் தம்பிக்கு இருக்கலாம், பிறகு அவள் மகனுக்கு வரலாம்.

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? நம்ம பழைய சொத்து வழக்கம் மாதிரிதான். மாமன்கிட்டேருந்து மருமகனுக்கு, கூடப்பிறந்த பொண்ணு வழியா. அப்பனுக்கு இதுல பங்கு கிடையாது" என்று டீச்சர் சொன்னதும் இவருக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணம் ஆனது முதல் நம் வீட்டில் வந்து இருந்துகொண்டு, சொத்திலும் பங்கில்லை சொல்லிலும் பங்கில்லை என்று புலம்பியவர், இதில் பங்கில்லை என்றதும் "பாத்தியா, எங்க வீட்டுப் பக்கம் ஒரு குத்தமும் இல்லைன்னு டீச்சரே சொல்லிட்டாங்க" என்று இரண்டாவது டீ கேட்டார்.

அவர் போகட்டும். எனக்கு மட்டும் அடுப்படிக்குப் போய் அழத்தான் தோன்றியது. நீங்கள் வீட்டைவிட்டுப் போன வருஷத்து மிளகு கண்முன் வந்தது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதினால்தான் என் நெஞ்சு ஆறும். வீட்டு ஆண்பிள்ளை முதல் சரத்தைப் பறித்துக் கொடுக்காமல் யாரும் கொடியில் கை வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். மாமா ஒரு வழக்குக்காகக் கோழிக்கோட்டில் இருந்தார். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும். ஆட்கள் ஏணியோடு வந்து நின்றார்கள். நீங்கள் கொடியைப் பார்த்துவிட்டு, இன்னும் பழுக்கவில்லை, போய் வாருங்கள் என்றீர்கள். மறுபடி வந்தார்கள், மறுபடியும் அதே பதில். குன்று முழுக்கச் சிவந்து கிடக்கிறது, வாரிசு இப்படிச் சொல்கிறதே என்று அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். எதிர்த்துச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? மாமா வந்தபோது பாதி பறவைக்கும் மீதி மண்ணுக்கும் போயிருந்தது.

கேட்ட பங்கைக் கொடுக்காததற்குப் பழி வாங்கினான், வேண்டுமென்றே அழித்தான், உண்ட வீட்டுக்கே துரோகி என்று அத்தனை ஆட்களின் முன்னால் மாமா சொன்னார். "சத்தியமா எனக்குத் தெரியல மாமா" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. கண்ணிருக்கிறவனுக்குச் சிவப்பு தெரியாது என்றால் யார்தான் நம்பியிருப்பார்கள்? நீங்கள் சொன்னது வரிக்கு வரி உண்மை, ஏட்டா. அது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டு அச்சாகியிருக்கிறது.

கண்ணூரில் டாக்டரும் புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருக்கும் புத்தகத்தைக் காட்டிப் பார்த்து, சந்தேகமே இல்லை என்றுவிட்டார். பையனுக்கு ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசை இருந்தது. அது நடக்காது என்றதும் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தான். டீச்சர்தான் வந்து, நிறம் பார்க்கிற வேலையை விட்டால் உலகத்தில் வேலையே இல்லையா, நீ செடியைப் படி, நான் படிக்க வைக்கிறேன் என்று தேற்றினார். அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிட்டாலும் தகும். குறை என்ன என்று தெரிந்துபோனதால் இன்று என் பிள்ளையைக் குருடன், சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் அவன் புத்தகத்தைச் சாயங்காலத்தில் புரட்டுகிறேன். மூச்சு விடுவதற்கும் அடுப்பு எரிவதற்கும் காற்றுதான் வேண்டும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலை என்று போட்டிருக்கிறது. இதை எனக்கு அன்றே சொல்லியிருந்தால் நானும் பத்தைத் தாண்டியிருப்பேன்.

இனிதான் முக்கியமான சேதி.

டீச்சர் பேசியபோது கேளு மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தோம். அன்று முதல் பேச்சு குறைந்துபோனது. எண்பதைத் தாண்டியவர், இடுப்பும் சரியில்லை, அதுதான் காரணம் என்று நானும் விட்டுவிட்டேன். மகர மாதத்தில் மிளகு பறிப்பு வந்தது. வாரிசு என்ற முறையில் ஜிதேஷ்தான் முதல் சரம் எடுக்க வேண்டும். மாமா தன்னை நாற்காலியோடு குன்றுக்குத் தூக்கிப் போகச் சொன்னார்.

ஜிதேஷ் கொடியடியில் போய் நின்றான். கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "மாதவியம்மா, எனக்குச் சிவப்பு தெரியாது. எது பழுத்திருக்குன்னு நீங்க காட்டுங்க, நான் பறிக்கிறேன்" என்றான். உங்கள் காலத்தில் ஏணி பிடித்த அதே மாதவிதான். அவளும் "அதோ உன் மூக்குக்கு நேரா இருக்கு பாரு கண்ணு" என்று காட்ட, எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பறித்தான். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

அப்போது பின்னாலிருந்து மாமாவின் குரல். "எனக்கும் தெரியாது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமா நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். "பொறந்ததுலேருந்து எனக்கும் சிவப்பு தெரியாது. நாக்காலதான் பார்த்தேன். பழுத்ததுன்னா தோல் இனிக்கும்" என்றார். ஒவ்வொரு கொடியிலும் ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பிவிட்டு, 'ம், ஆகட்டும்' என்று கையை வீசுவாரே, அதை நாம் எவ்வளவு பயபக்தியோடு பார்த்திருப்போம்! மாதவி தாங்கமாட்டாமல், "அய்யோ, அப்ப அதெல்லாம் ஜம்பம் இல்லையா? எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்து அதே மாதிரி துப்பிப் பழகினாரே!" என்று கத்திவிட்டாள்.

மாமா சிரிக்கவில்லை. "வீட்டுத் தலைவனுக்குக் கண்ணுல குறைன்னா யார் மதிப்பா? அதான் ஒளிச்சேன். இந்தக் குறையைச் சாமி எனக்கு மட்டும்தான் குடுத்ததுன்னு நெனச்சேன். அவனுக்கும் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த உலகத்துல அவன் சொன்னதை நம்பியிருக்க வேண்டியவன் நான் ஒருத்தன்தான். நானே நம்பல. என் பவித்ரன் துரோகம் பண்ணல. எல்லாரும் கேட்டுக்குங்க, அவன் பண்ணல" என்றார். அன்று எத்தனை பேர் முன்னால் உங்களைச் சொன்னாரோ, அதைவிட அதிகம் பேர் இந்த முறை கேட்டார்கள். மாதவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குச் சிரித்ததில் நானும் ஒருத்தி என்றாள்.

அன்று ராத்திரி நான் கஞ்சி கொடுக்கும்போது, அப்படியானால் ஏட்டனை வரச்சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் எதுக்கு வரணும்? தப்பு பண்ணினவன்தான் நடக்கணும். எனக்கு டிக்கெட் எடு" என்றார். மருமகன் வீட்டு வாசலுக்கு மாமன் போய் நிற்பது இந்த ஊரில் நடந்ததாக நான் கேட்டதில்லை. வயதைச் சொன்னேன், இடுப்பைச் சொன்னேன். மறுநாள் தானே டிரங்குப் பெட்டியைத் திறந்து வேட்டியை மடித்து வைத்துவிட்டார்.

ஆகவே மாமாவும் நானும் ஜிதேஷும் மார்ச் பத்தாம் தேதி நேத்ராவதி எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். மறுநாள் பன்வேலில் இறங்குவோம். பரீட்சை நெருங்குகிற நேரம்தான், ஆனால் பையன் ரயிலில் படித்துக்கொள்கிறேன் என்கிறான். அவனை விட்டுவிட்டு வர மாமா சம்மதிக்கவில்லை.

மீனுக்குட்டியைப் பற்றியும் ஒன்று. டீச்சர் சொன்னபடி பார்த்தால் உங்களிடமிருந்து அவளுக்கு அந்த நூல் கட்டாயம் போயிருக்கும். அவளுக்கு எல்லா நிறமும் தெரியும், கவலை வேண்டாம். பின்னால் அவளுக்கு மகன் பிறந்து, அவன் இலையைச் சிவப்பாகத் தீட்டிக்கொண்டு வந்தால், கையை ஓங்கும் முன் இந்தக் குடும்பத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுக்கு நீண்ட ஆயுசும் நல்ல இடமும் அமைய வேண்டும்.

ரோகிணி டீச்சர் இல்லையென்றால் மாமாவும் நீங்களும் இரண்டு ஊரில் ஒரே கண்ணோடு, ஒருவரை ஒருவர் தெரியாமலே போயிருப்பீர்கள். கடவுள் அந்தப் பெண்ணை நன்றாக வைக்கட்டும்.

ஏட்டா, பன்வேலில் வண்டி அதிக நேரம் நிற்காதாம். படி உயரம், மாமாவால் தனியாக இறங்க முடியாது. நான் பிடித்தால் கையை உதறிவிடுவார். நீங்கள் மன்னித்தீர்களா என்று நான் கேட்கமாட்டேன், அவரும் கேட்கமாட்டார். பெட்டி வாசலில் வந்து நின்று கையை மட்டும் நீட்டுங்கள்.

என்றும் உங்கள் நன்மையையே வேண்டும்,
தாச்சு