அந்த நாலு பேரில் ஒருத்தர்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள வேண்டுதல். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். மனசைக் கேட்காதே, ஒரு வாரமாக எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று கடையில் இருமல் மருந்து கேட்டவரிடம் கண் மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன், நல்லவேளை அவர் படித்துப் பார்க்கிற மனுஷர். இருபது வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறேன், இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் பேசினால் அப்பா காதில் விழும், கடையில் பேசினால் ஊர் காதில் விழும், அதுவும் போக இதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் சிரிப்பேனா அழுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் மத்தியானம் ஆள் வராத நேரத்தில், ஆர்டர் எழுதுகிற நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்தக் கன்சோல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, டிபன் டப்பா அளவுக்கு அடக்கமாக. நீ போனில் என்ன சொன்னாய்? "அம்மா, என் ரூம்ல இருக்கற அந்தப் பெரிய பொட்டியை யாருக்காவது குடுத்துடு. இனிமே எல்லாரும் போன்லயும் கன்சோல்லயும்தான் ஆடுவாங்க. எங்க கம்பெனி ஆட்டமே இந்த மாசக் கடைசியோட கம்ப்யூட்டர்ல நின்னுடும், அந்த ரிப்போர்ட்டை எழுதினதே நான்தான்" என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமைதான். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் இப்போது நூற்றுக்கு நாலு பேர், அந்த நாலு பேருக்காக ஒரு கூட்டமே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று நீ கணக்குச் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. வாங்குகிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் கையில் போனோடு பிறந்தவர்கள், அவர்கள் எதற்கு மேஜை நாற்காலி போட்டு இத்தனை வயரை இழுப்பார்கள் என்று நானே உன் பக்கம் பேசினேன்.

போன வாரம் புதன்கிழமை எனக்கு விடுமுறை, அப்பா வேலைக்குப் போயிருந்தார். சரி, மகள் சொன்னதை முடித்துவிடுவோம் என்று நம் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, நீ கம்ப்யூட்டர் டாக்டர் என்று கூப்பிடுவாயே, அவரை வரச் சொன்னேன். மனுஷர் வந்தார், உன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா, அண்ணனைக் கேட்டீங்களா?" என்றார். அவரை எதற்குக் கேட்க வேண்டும், அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்றேன். கசப்பு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வயரையெல்லாம் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார். மேஜையைத் துடைக்கும்போது கீபோர்டு இருந்த பலகைக்கு அடியில் அப்பாவின் லிஃப்ட் பராமரிப்பு நோட்டு ஒன்று கிடந்தது. எங்கெங்கே எதை வைக்கிறார் பார் என்று திட்டிக்கொண்டே அலமாரியில் தூக்கிப் போட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். கால்கூடக் கழுவாமல் உன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "பொட்டி எங்க?" என்றார். கொடுத்துவிட்டேன் என்றேன். கண்ணு, நான் எழுதுவதை நம்பு, நம் வீட்டுக்குள் யாராவது செருப்போடு வந்தால் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிற மனுஷர், ஷூவைக்கூடக் கழற்றாமல் உன் அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்கிறேன், இல்லை என்று தலையாட்டுகிறார். பிறகு மெதுவாக, "அதுல ஒரு நோட்டு இருந்துதே" என்றார். எடுத்துக் கொடுக்கப் போனவள்தான், கையில் வைத்துக்கொண்டே பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாதுதான். ஆனால் பிரித்தேன்.

உனக்கு அந்த நோட்டு தெரியும். தேதி, ஓட்டிய நேரம், குறை, செய்த வேலை, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு வரி, மூன்று வருஷத்துக்கு. நான் பார்த்த முதல் பக்கத்தில் குறை என்ற கட்டத்தில் "மூன்று முறை விழுந்தாள்" என்று இருந்தது. செய்த வேலை, "மூன்று முறையும் தூக்கினேன்". எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கட்டடத்தில் யார் விழுந்தது, லிஃப்டில் இருந்தா என்று பதறிப்போய்க் கேட்டேன். அடுத்த வரி, "தொண்டை கட்டியிருக்கிறது. வீட்டில் சொல்லிப் போன் பண்ண வைத்தேன்". இன்னொன்று, "பிறந்தநாள் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் டைப் செய்தேன்". அதற்கும் கீழே, "இன்று சிரிக்கவே இல்லை", அதற்கு எதிரே, "ஒன்றும் செய்ய முடியவில்லை". நோட்டின் மேல் அட்டைக்கு உள்பக்கம், ஆட்டத்தில் இவருக்கு நீ வைத்த பெயரை அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். மௌனச்சாமி.

ஆமாம் கண்ணு. உன் மௌனச்சாமி உன் அப்பாதான்.

இப்போது நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், "எங்க சனிக்கிழமை டீம்ல ஒருத்தன் இருக்கான்மா, மைக்கே போட மாட்டான், டைப் பண்றதும் ரெண்டு வார்த்தை, ஆனா நான் எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் முதல்ல வந்து தூக்கறது அவன்தான்" என்று. என்ன வேலை என்று கேட்டதற்கு, மேலே போய்க் கீழே வருகிற வேலை என்று எழுதினானாம், விமானம் ஓட்டுகிறவனாக இருக்கும் என்று நீ சொன்னாய். நான் அசடு, அதை நம்பி, வயசு என்ன, நல்ல குணமா, வீட்டில் யார் யார் என்று உன்னைத் துருவித் துருவிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேனே! கல்யாணம் பண்ணி வைக்கலாமா என்றுகூட மனசுக்குள் கோட்டை கட்டினேன். அதை இன்றைக்கு நினைத்தால் எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அந்த நிலைமையிலும் மனுஷர் சிரித்துவிட்டார், பார்த்துக்கொள்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். ஓடாத லிஃப்டை வாரத்துக்கு ஒருதரம் மேலே கீழே ஓட்டிவிட வேண்டுமாம், சும்மா நிறுத்தினால் உள்ளே எல்லாம் இறுகிப் போய்விடுமாம். நீ போன பிறகு அந்தப் பெட்டிக்கும் அதே வைத்தியம் செய்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு அரை நாள் லீவு, நான் கடையில் இருப்பேன். போட்டவுடன் உன் ஆட்டம் தானாகத் திறந்துகொண்டதாம். வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். இவரோ, பெட்டியை ஓட்டுவது என்றால் அதையும் ஓட்டித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கம்ப்யூட்டர் டாக்டரைக் கூட்டிவந்து எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று பாடம் கேட்டிருக்கிறார். ஒரு நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டாக்டர் ஏதோ ஒரு ஆட்டக் குழுவுக்குள் போயிருக்கிறார், உள்ளே நீ பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு உன் குரலாச்சே என்றிருக்கிறார். அப்பா ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாராம். அன்றைக்கே புதுப் பெயர் போட்டுத் தரச் சொல்லி உன் குழுவில் சேர்ந்துவிட்டார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று மூன்று வருஷமாக மைக் வயரையே பிடுங்கி வைத்திருக்கிறார்.

உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்தச் சண்டை. "பொம்மை செய்யறதெல்லாம் ஒரு வேலையா" என்று அவர் கேட்டது தப்பு. "இனிமே உங்ககூடப் பேசினா ஏன்னு கேளுங்க" என்று நீ சொன்னதும் தப்பு. இரண்டு பேரும் ஒரே அச்சு, இறங்கி வர மாட்டீர்கள். மூன்று வருஷமாக நீ என்னிடம் "அப்பா எப்படி இருக்கார்" என்பாய், அவர் "சாப்பிட்டாளாமா" என்பார், நடுவில் நான் தபால்காரி. உனக்குச் சளி பிடித்திருக்கும் போல, கேட்டுப் பார் என்று இவர் சொல்லும்போதெல்லாம் பெற்ற மனசுக்குத் தெரிகிறது என்று நினைத்து உருகியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஆள் ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்!

மறுநாள் கடை திறக்கும் முன் டாக்டரிடம் ஓடினேன். "நீங்க வருவீங்கன்னு தெரியும்க்கா, ஒரு ஸ்க்ரூகூடத் தொடல" என்று எடுத்து வந்து மாட்டிக் கொடுத்தார். அவருக்கு உன் ரிப்போர்ட் பற்றி ரொம்பக் கோபம். "இந்தப் பொட்டிக்கு இருபது வருஷமா நாள் குறிக்கறாங்க, இது பாட்டுக்கு ஓடுது. பழசானா ஒரு பார்ட்டைக் கழட்டி இன்னொண்ணை மாட்டலாம், போனைக் கழட்டுனா கையில என்ன மிஞ்சும், சொல்லுங்க" என்று பெரிய பட்டிமன்றமே நடத்தினார். நான் அதில் யார் பக்கமும் இல்லை. ஆனால் என் போனையும் நீ அனுப்பிய கன்சோலையும் அப்பா கையில் கொடுத்துப் பார்த்தேன், அதைச் சொல்ல வேண்டும். போன் திரையில் அவர் விரல் வைக்கிறார், அது அசையவே இல்லை. முப்பது வருஷம் கிரீஸும் கம்பியும் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல், அதைத் தொட்டதாகவே அது ஏற்றுக்கொள்ளவில்லை. கன்சோலுக்கு இரண்டு கட்டைவிரலும் வளைய வேண்டும். இடது கட்டைவிரல் லிஃப்ட் கதவில் நசுங்கியது உனக்குத் தெரியாததா, ஆறு வாரம் கட்டு மாற்றியவளே நீதான். கீபோர்டு மட்டும்தான் அவர் கைக்கு ஒத்துவருகிறது, அழுத்தினால் அழுத்தியது தெரிகிறது என்கிறார். அவர் வேலை பார்க்கிற கட்டடத்தில்கூட லிஃப்ட் பட்டனை எடுத்துவிட்டுப் போன் திரை மாதிரித் தொடுகிற கண்ணாடி வைத்தார்களாம், ஈரக் கையோடு வந்தவர்கள் எல்லாம் கீழேயே நின்றார்களாம். நூற்றுக்கு நாலு பேர் என்றாயே கண்ணு, நாலு என்பது எனக்கும் அன்றைக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அதில் ஒருத்தர் ஷூவோடு தரையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் உன்மேல் துளியும் குறை சொல்லவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ குழுவில் எல்லோரிடமும் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் மாறிக்கொள்ளுங்கள் என்று சொன்ன நாளுக்கு நேரே, "நன்றாக விளக்கினாள். இன்னும் ஐந்து சனி" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் "இன்னும் நான்கு". உன்னிடம் சொல்கிறேன் என்றபோது கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். அவ வேலைக்கு நல்லதுன்னா மூடட்டும். நான்தான்னு தெரிஞ்சா அவ குழுவை விட்டே போயிடுவா, மிச்சம் இருக்கறதும் போயிடும்" என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். வாக்கு மீறுகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

உன் கம்பெனியை மாற்று என்று கேட்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இல்லாமல் இல்லை. கன்சோலிலும் கீபோர்டை மாட்டலாமாம், ஆனால் ஆட்டத்தைச் செய்கிறவர்கள் அதற்கு வழி விட வேண்டுமாம், டாக்டர் சொன்னார். நீ விசாரி, அவ்வளவுதான். மற்றபடி சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, அப்பாதான் சரி செய்தார். நீ சளிக்குக் கண்ட மாத்திரையை விழுங்காதே, ஆன்டிபயாட்டிக் தொடவே தொடாதே, வெந்நீர் குடி. இரவு விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்க்காதே.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலையில் பேரும் நிம்மதியுமாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் அவரைக் கேட்காமலே சேர்த்து எழுதிவிட்டேன். கூரியர்காரர் ஐந்து நாள் என்கிறார், இது உன் கைக்கு வரும்போது ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. அன்றைக்கு நீ அப்பா என்று கூப்பிடுவாயோ மௌனச்சாமி என்றே கூப்பிடுவாயோ, அது உன் இஷ்டம். ஆனால் எங்கேயாவது ஒரு தடவை விழு கண்ணு, அவர் வந்து தூக்குகிற வரைக்கும் எழுந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் தபால்காரியான
உன் அம்மா