அக்காவுடன் எடுத்த படம்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன். அக்கா குடும்பமும் சுகம்.

நானும் அக்காவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று கேட்டிருந்தீர்கள். அக்கா வீட்டில் இப்போது கலர் பிரிண்டர் இருக்கிறது. நானே அச்செடுத்தேன். முதலில் பளபளப்பான தாளைப் புரட்டி வைத்துவிட்டேன். மை வழிந்து இருவரும் பேய்கள் போல வந்தோம். தனியே நின்று சிரித்தேன். இரண்டாவது, ஸ்டூடியோவில் எடுத்தது போல வந்தது. சுவரிலும் ஒன்று மாட்டலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“உனக்கென்ன விசரே? வாற ஆக்களுக்கு உன்னை வேலைக்கு நிக்கிற பிள்ளை எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறன்,” என்றாள்.

நான் அச்செடுத்த படத்தைக் கிழித்துப்போட்டாள். மகள் ஹம்சத்வனியைக் கூப்பிட்டு, கணினியில் என்னை அழித்துவிட்டு மறுபடி அச்செடுக்கச் சொன்னாள்.

“சித்தி, பேப்பரை நீங்களே வைச்சு விடுங்கோ. உங்களுக்குத்தானே எந்தப் பக்கமெண்டு தெரியும்,” என்றாள் பிள்ளை. வைத்துவிட்டேன்.

இத்துடன் வருவது அந்தப் படம்தான். அக்கா வடிவாக இருக்கிறாள், பாருங்கள். அவள் தோளில் தெரியும் நான்கு விரல்கள் என்னுடையவை. அவற்றை அழிக்கப் பிள்ளை மறந்துவிட்டாள்.

யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். பதில் நீளமாக எழுதுங்கள், ஆனால் அக்காவின் பெயருக்கே போடுங்கள். தபால்பெட்டியில் என் பெயர் இல்லை. எனக்கென்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வேலை கிடக்கிறது, முடிக்கிறேன்.

உங்கள் இளைய மகள்,
சிறிதேவி